வீட்டுச் சாக்கெட்டில் மோட்டார்ஹோம்: எதுவரை போதும், எப்போது தனி இணைப்பு வேண்டும்?

வட அமெரிக்காவில் விற்கப்படும் மோட்டார்ஹோம்கள், அதாவது உள்ளேயே தங்கிச் சமைக்கும் வசதியுள்ள வண்டிகள், பெரும்பாலும் இரண்டு வகை மின்னிணைப்புகளில் ஒன்றை எதிர்பார்த்துக் கட்டப்படுகின்றன. சிறிய வண்டிகளுக்கு 120 வோல்ட்டில் 30 ஆம்பியர், அதாவது 3,600 வாட். பெரிய வண்டிகளுக்கு இரண்டு லைன்களில் தலா 50 ஆம்பியர், அதாவது மொத்தம் 12,000 வாட். முகாம் மைதானங்களில் இவற்றுக்கு உரிய சாக்கெட்டுகள் கம்பத்திலேயே பொருத்தப்பட்டிருக்கும். வீட்டின் வெளிச்சுவரிலோ கார் ஷெட்டிலோ இருப்பது 15 அல்லது 20 ஆம்பியர் சாக்கெட் மட்டுமே. மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ தொடர்ந்து ஓடும் லோடு, பிரேக்கரின் அளவில் 80 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பது அங்குள்ள மின் விதிகளின் கணக்கு. எனவே 15 ஆம்பியர் சாக்கெட்டிலிருந்து நிம்மதியாக எடுக்கக்கூடியது 12 ஆம்பியர், அதாவது 1,440 வாட். 20 ஆம்பியர் சாக்கெட் என்றால் 16 ஆம்பியர், அதாவது 1,920 வாட். 50 ஆம்பியர் வண்டி வைத்திருப்பவருக்கு வீட்டுச் சாக்கெட்டில் கிடைப்பது, வண்டி எதிர்பார்ப்பதில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்குதான்.

இந்த எண்களைப் பார்த்ததும் பலர் உடனே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பெரிய சாக்கெட் போடச் சொல்லிவிடுகிறார்கள். அதற்கு முன் இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்க்க வேண்டும். 1,440 வாட்டை ஒரு நாள் முழுவதும் எடுத்தால் 34 யூனிட்டுக்கு மேல் வரும். ஓர் அமெரிக்க வீடு சராசரியாக ஒரு நாளில் செலவழிப்பது சுமார் 30 யூனிட். ஆகவே அந்தச் சின்னச் சாக்கெட் ஒரு முழு வீட்டின் அன்றாடச் செலவையே தாங்கக்கூடியது. குறுகிய குழாயாக இருந்தாலும் இரவெல்லாம் ஓடினால் மேல்தொட்டி நிறைந்துவிடுவதைப் போன்றதுதான் இது. குறைவாக இருப்பது மின்சாரத்தின் மொத்த அளவு அல்ல, ஒரே நேரத்தில் எடுக்கக்கூடிய அளவு. கீழே சொல்லப்படும் வழிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது, உங்கள் தேவை சில நிமிடங்களுக்கு மட்டும் எகிறும் தேவையா, அல்லது மணிக்கணக்கில் அதே உயரத்தில் நிற்கும் தேவையா என்பதைப் பொறுத்தது. இதைப் பிரித்துப் பார்க்காமல் செய்யும் செலவில் பாதி வீண்செலவு என்பது என் கருத்து.

எது எவ்வளவு இழுக்கிறது

கூரையில் பொருத்தப்படும் 13,500 அல்லது 15,000 பிடியூ (குளிரூட்டும் திறனின் அளவு) ஏசி ஓடும்போது 12 முதல் 15 ஆம்பியர் வரை எடுக்கும். ஆயிரம் வாட் மைக்ரோவேவ் என்பது சமைக்கும் திறனைக் குறிப்பது; சுவரிலிருந்து அது எடுப்பது 12, 13 ஆம்பியர். வாட்டர் ஹீட்டரின் மின் எலிமென்ட் பொதுவாக 1,400 வாட், அதாவது ஏறக்குறைய 12 ஆம்பியர். தரையில் வைக்கும் அறை ஹீட்டர் 1,500 வாட், முடி உலர்த்தியும் அதே அளவு அல்லது சற்று மேல். காபி மேக்கர் எட்டிலிருந்து பத்து ஆம்பியர். கேஸிலும் கரண்டிலும் ஓடும் வகை ஃபிரிட்ஜ் கரண்டில் ஓடும்போது மூன்று ஆம்பியர் அளவு. இவற்றில் பெரியவை எவையேனும் இரண்டு சேர்ந்தால் 15 ஆம்பியர் பிரேக்கர் தாங்காது என்பது கண்கூடு.

ஆனால் பிரேக்கர் விழுவதற்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பவை நாம் கையால் போடும் இந்தச் சாதனங்கள் அல்ல. தானாகவே ஓடிக்கொண்டிருக்கும் மூன்றை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை: கரண்டில் போட்டு மறந்துவிட்ட வாட்டர் ஹீட்டர், தானியங்கி நிலையில் கரண்டுக்குத் தாவிக்கொள்ளும் ஃபிரிட்ஜ், பேட்டரியை நிரப்பும் சார்ஜர். பயணம் முடிந்து பாதி காலியான பேட்டரியுடன் வந்து நின்றால், 120 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றிப் பேட்டரியை நிரப்பும் சாதாரண கன்வெர்ட்டர், பேட்டரி பக்கம் 55 ஆம்பியர் தரும் அளவுள்ளது என்றால், முதல் சில மணி நேரம் சாக்கெட்டிலிருந்து எட்டு ஆம்பியர் வரை வாங்கிக்கொள்ளும். லித்தியம் பேட்டரிக்கான பெரிய இன்வெர்ட்டர்-சார்ஜர் 120 ஆம்பியர் வேகத்தில் நிரப்புவதாக இருந்தால், அது மட்டுமே 1,700 வாட்டுக்கு மேல் கேட்கும். 15 ஆம்பியர் சாக்கெட்டுக்கு அந்த ஒரு லோடே அதிகம். ஆகவே பிளக்கைச் செருகுவதற்கு முன்பே சார்ஜரின் அமைப்பில் போய் அதன் உள்வரும் அளவை ஐந்து ஆம்பியருக்குக் குறைத்து வைப்பதுதான் முதல் வேலை. விளக்குகள், தண்ணீர் பம்ப், கேஸ் ஃபர்னஸின் விசிறி ஆகியவை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஓடுபவை; சார்ஜரின் வேகம் குறைந்ததால் அவற்றுக்கு ஒரு குறையும் வராது.

முதல் வழி: அடாப்டரும் கட்டுப்பாடும்

மிக மலிவான வழி, 30 அல்லது 50 ஆம்பியர் பிளக்கை 15 ஆம்பியர் பிளக்காக மாற்றும் அடாப்டரை வாங்கி, ஒரு நேரத்தில் ஒரு பெரிய சாதனத்தை மட்டும் ஓட்டுவது. 50 ஆம்பியர் வண்டிக்கான அடாப்டர், வண்டியின் இரண்டு லைன்களையும் உள்ளுக்குள் ஒன்றாக இணைத்துவிடுவதால், வண்டியின் எல்லாப் பகுதிகளிலும் கரண்ட் வரும். அதனால் கிடைக்கும் அளவு கூடிவிட்டதாக நினைத்துவிடக் கூடாது. இரு பக்கமும் அதே 15 ஆம்பியரைத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன. 240 வோல்ட் கேட்கும் சாதனம் ஏதும் வண்டியில் இருந்தால் அது ஓடாது.

அடாப்டரில் இரண்டு வடிவங்கள் உண்டு. உள்ளங்கைக்குள் அடங்கும் வட்டக் கட்டையாக வருவது ஒன்று. இரு முனைகளிலும் தலையும் நடுவில் ஒரு அடி கேபிளுமாக வருவது மற்றொன்று. விலையில் முதலாவது குறைவு, ஆனால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். வண்டியின் கேபிள் கைவிரல் தடிமனுக்கு மேல் இருக்கும். வட்டக் கட்டையில் அதைச் செருகினால் அந்தப் பாரம் முழுவதும் சுவர் சாக்கெட்டில் தொங்கும். சில மணி நேரத்தில் பிளக்கின் மேல் விளிம்பு சுவரிலிருந்து சற்றே விலகி நிற்பதைக் காணலாம். உள்ளே இருக்கும் தகடுகள் பின்னைப் பாதியளவுதான் கவ்விக்கொண்டிருக்கும். அந்தத் தொடுமிடத்தில் வெறும் 0.1 ஓம் தடை உண்டாகிவிட்டால் போதும், 12 ஆம்பியர் ஓடும்போது 14 வாட்டுக்கு மேல் வெப்பம் அந்த ஒரு புள்ளியிலேயே வெளியாகும். இது ஓர் எல்இடி பல்பின் முழு வாட்டுக்கும் மேல். அந்த வெப்பம் வெளியேற வழியில்லாமல் பிளாஸ்டிக்குக்குள் அடைபட்டிருக்கிறது. லோடு போட்டு அரை மணி நேரம் கழித்துப் பிளக்கின் முகத்தைத் தொட்டுப் பார்க்க வேண்டும். இளஞ்சூடு இயல்பு. கையை வைத்திருக்க முடியாத சூடு என்றால் லோடை நிறுத்திவிட்டுப் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பின்னைச் சுற்றிப் பழுப்பேறி இருந்தால் அந்த அடாப்டரும் அந்தச் சாக்கெட்டும் இரண்டுமே மாற்றப்பட வேண்டியவை.

பிரேக்கர் இருக்கிறதே, அதிகமானால் விழுந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. பிரேக்கர் கம்பியைக் காப்பதற்காக வைக்கப்பட்டது. தளர்ந்த பிளக்கைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. மேலும் அது உடனே விழுவதும் இல்லை. அங்குள்ள தரநிலையின்படி 135 சதவீத லோடில், அதாவது 15 ஆம்பியர் பிரேக்கர் 20 ஆம்பியரைச் சுமக்கும்போது, ஒரு மணி நேரம்வரை விழாமல் இருக்க அதற்கு அனுமதி உண்டு. அந்த ஒரு மணி நேரமும் பிளக் சூடேறிக்கொண்டேதான் இருக்கும்.

கேபிளின் தடிமனையும் நீளத்தையும் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். கேஜ் எண் கூடக் கூடக் கம்பி மெல்லியது. 14 கேஜ் தாமிரக் கம்பியில் மின்பெட்டியிலிருந்து 75 அடி தள்ளி இருக்கும் சாக்கெட்டையும், அதிலிருந்து 50 அடிக்கு நீளும் 14 கேஜ் எக்ஸ்டென்ஷன் கேபிளையும் எடுத்துக்கொள்வோம். போக வர மொத்தத் தடை ஏறத்தாழ 0.63 ஓம். 13 ஆம்பியர் ஓடும்போது எட்டு வோல்ட் வழியிலேயே போய்விடும். 118 வோல்ட் புறப்பட்டால் வண்டிக்கு 110 வந்து சேரும். இது பரவாயில்லை. அதே இடத்தில் தோட்ட விளக்குக்காக வாங்கிய 16 கேஜ், 100 அடி கேபிளைப் போட்டால் 15 வோல்ட் போய், வண்டியில் 103 அல்லது அதற்கும் கீழே நிற்கும். மோட்டார்ஹோமுக்கான பாதுகாப்புக் கருவிகளில் பல 104 வோல்ட்டுக்குக் கீழே போனதும் இணைப்பைத் துண்டித்துவிடுவதற்குக் காரணம் இருக்கிறது: லோ வோல்டேஜில் ஏசி கம்ப்ரசரின் மோட்டார் அதே வேலையைச் செய்ய அதிகக் கரண்ட் இழுக்கும், அதனால் சூடேறும், சூடேறி மெல்லச் சாகும். அன்றைக்கே ஒன்றும் ஆகாது என்பதுதான் இதில் மோசம். முடிந்தால் எக்ஸ்டென்ஷன் கேபிளே இல்லாமல் வண்டியின் சொந்தக் கேபிள் எட்டும் தூரத்தில் நிறுத்துங்கள். முடியாவிட்டால் 10 கேஜ் அல்லது குறைந்தபட்சம் 12 கேஜ் கேபிளை, சுருளாக வைக்காமல் முழுக்கப் பிரித்துப் போடுங்கள்.

அந்தச் சாக்கெட்டில் வேறு என்னென்ன சேர்ந்திருக்கின்றன என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே பிரேக்கரின் கீழ் கார் ஷெட், வெளிச்சுவர், சில வேளை குளியலறைச் சாக்கெட்கூட இருக்கலாம். விருந்தாளியாகப் போன வீட்டில் இரவு நீங்கள் பிரேக்கரை விழ வைத்துவிட்டு, கார் ஷெட்டில் இருக்கும் ஃப்ரீஸர் நின்றுபோனதை மறுநாள் மாலை அவர்கள் கண்டுபிடித்தால், அடுத்த முறை அந்த வீட்டு வாசலில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது சந்தேகமே.

ஓரிரு நாள் தங்கல், வெயில் இல்லாத பருவம், பேட்டரியும் ஃபிரிட்ஜும் விளக்கும் ஓடினால் போதும் என்ற நிலை ஆகியவற்றுக்கு இந்த வழியே தாராளம். இதற்கு மேல் செலவழிப்பது தேவையற்றது.

சாக்கெட்டே விழுந்துகொண்டிருந்தால்

லோடே இல்லாமல், செருகிய மறுகணமே சாக்கெட்டின் பொத்தான் 'டக்' என்று விழுவது வேறு பிரச்சினை. வெளிச்சுவர்ச் சாக்கெட்டுகளுக்கு 1973 முதலும், கார் ஷெட் சாக்கெட்டுகளுக்கு 1978 முதலும் அமெரிக்க விதிகள் ஜிஎஃப்சிஐ எனப்படும் கசிவுப் பாதுகாப்பைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. போகும் கரண்டுக்கும் திரும்பி வரும் கரண்டுக்கும் நான்கிலிருந்து ஆறு மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால் அது துண்டித்துவிடும். மோட்டார்ஹோமில் விரிசல் விட்ட வாட்டர் ஹீட்டர் எலிமென்ட், ஈரம் ஏறிய ஃபிரிட்ஜ் எலிமென்ட் போன்றவை இதற்கு வழக்கமான காரணங்கள். வண்டியின் எல்லாப் பிரேக்கர்களையும் அணைத்துவிட்டுச் செருகி, பிறகு ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

எல்லாவற்றையும் அணைத்த பிறகும் விழுகிறது என்றால், வண்டிக்குள் எங்கோ நியூட்ரலும் எர்த்தும் தொட்டுக்கொண்டிருக்கின்றன என்று சந்தேகிக்கலாம். பிரேக்கர் ஃபேஸை மட்டுமே துண்டிப்பது, நியூட்ரலைத் தொடுவதில்லை; ஆகவே பிரேக்கரை அணைப்பதால் அந்தக் கோளாறு மறையாது. வண்டிக்குள் இவை இரண்டும் பிரிந்தே இருக்க வேண்டும் என்பது விதி. யாராவது பின்னாளில் இன்வெர்ட்டரைத் தவறாக இணைத்திருந்தாலோ, பழுது பார்த்தவர் ஒரு வெள்ளைக் கம்பியை எர்த் பட்டையில் முடித்திருந்தாலோ இது நேரும்.

இதற்குத் தீர்வாகச் சமையலறை ஜன்னல் வழியே பாதுகாப்பில்லாத ஒரு சாக்கெட்டிலிருந்து கேபிளை இழுப்பவர்கள் இருக்கிறார்கள். ஈரத் தரையில் நின்றுகொண்டு இரும்புப் படியையோ கதவையோ தொடும் ஒருவரின் உடல் வழியாகப் போகும் கசிவைத்தான் அந்தப் பொத்தான் தடுத்துக்கொண்டிருந்தது. அதைத் தாண்டிச் செல்வதை ஒரு வழியாகவே நான் ஏற்க மாட்டேன்.

ஏசி வேண்டும் என்றால்

இந்த இடத்தில்தான் முடிவு கடினமாகிறது. ஓடும்போது 13 ஆம்பியர் எடுக்கும் ஏசி, கம்ப்ரசர் கிளம்பும் அந்தக் கணத்தில் ஐம்பது, அறுபது ஆம்பியர் வரை கேட்கும். மேலே சொன்ன 0.63 ஓம் பாதையில் அவ்வளவு கரண்ட் பாய முயன்றால் முப்பது வோல்ட்டுக்கு மேல் சரியும். விளக்கு மங்கும், கம்ப்ரசர் சுழல முடியாமல் ஓரிரு வினாடி உறுமும், பிறகு அதன் உள்பாதுகாப்பு துண்டித்துக்கொள்ளும். சில நிமிடம் கழித்து மறுபடியும் அதே கதை.

சாஃப்ட் ஸ்டார்ட்டர் என்ற சிறு கருவியை ஏசிக்குள் பொருத்தினால் கிளம்பும் கரண்ட் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். வாங்கத் தகுந்த பொருள்தான். ஆனால் விளம்பரங்களின் தொனியில் அதைப் புரிந்துகொள்ளக் கூடாது. அது கிளம்பும் சுமையை மட்டுமே குறைக்கிறது. ஓடும் 13 ஆம்பியர் அப்படியேதான் இருக்கும். 20 ஆம்பியர் சாக்கெட், குட்டையான தடித்த கேபிள், மற்ற பெரியவை எல்லாம் அணைப்பு என்ற மூன்றும் சேர்ந்தால் ஒரு ஏசியை இவ்வாறு ஓட்டலாம். 15 ஆம்பியர் சாக்கெட்டில் அது விளிம்பில் நடப்பதாகவே இருக்கும். உச்சி வெயிலில் கம்ப்ரசர் நிற்காமல் மணிக்கணக்கில் ஓடும். 12 ஆம்பியர் என்ற தொடர் அளவை அது அப்போது தாண்டியே இருக்கும். வெளிவெப்பம் ஏற ஏற அது எடுப்பதும் கூடும். தேவை மிக அதிகமாக இருக்கும் நாளிலேயே ஏற்பாடு தோற்கும் என்பதால், 15 ஆம்பியரில் ஏசியை நம்பித் திட்டமிடுவதை நான் பரிந்துரைக்கவில்லை.

இரண்டு சாக்கெட்டுகளிலிருந்து எடுத்து ஒன்றாகச் சேர்த்துக்கொடுக்கும் இரட்டை அடாப்டர்களும் விற்கப்படுகின்றன. இரண்டு பாதைகளின் நியூட்ரல்களும் அதற்குள் இணைக்கப்படுவதால், போன கரண்ட் வந்த வழியே முழுமையாகத் திரும்பாது. ஆகவே ஜிஎஃப்சிஐ உள்ள சாக்கெட்டில் அது வேலை செய்யாது. வெளிச் சாக்கெட்டுகள் பெரும்பாலும் அந்த வகைதான். தவறாகத் தயாரிக்கப்பட்ட ஒன்றில், ஒரு பிளக்கைக் கழற்றியதும் அதன் வெறும் பின்களில் மறுபக்கத்துக் கரண்ட் நிற்கவும் கூடும். இந்த வழியை இத்துடன் விட்டுவிடலாம்.

இதைவிட நேர்மையான வழி ஒன்று உண்டு. வேறொரு பிரேக்கரில் இருக்கும் இரண்டாவது சாக்கெட்டிலிருந்து தனித் தடித்த கேபிள் ஒன்றை வண்டிக்குள் கொண்டுவந்து, அதில் ஒரே ஒரு சாதனத்தை நேரடியாகச் செருகி ஓட்டுவது. வண்டியின் ஒயரிங்குடன் அது எங்கும் சேரக் கூடாது. பார்க்க அழகாக இருக்காது, கேபிள் கதவிடுக்கில் நசுங்காமல் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். ஒரு வார இறுதிக்கு ஏற்றது.

கேஸ், ஜெனரேட்டர்

வாட்டர் ஹீட்டரையும் ஃபிரிட்ஜையும் புரொப்பேனுக்கு மாற்றி, குளிருக்கு அறை ஹீட்டருக்குப் பதில் கேஸ் ஃபர்னஸை ஓட்டினால், 15 ஆம்பியர் சாக்கெட்டின் நெருக்கடி ஒரே நொடியில் பாதியாகக் குறையும். ஒரு கேலன் புரொப்பேனில் ஏறத்தாழ 27 யூனிட் மின்சாரத்துக்கு ஈடான வெப்பம் இருக்கிறது. மோட்டார்ஹோமுக்கே உரிய இடைஞ்சல், அதன் கேஸ் டேங்க் வண்டியோடு போல்ட் போட்டு இணைக்கப்பட்டிருப்பது. இழுத்துச் செல்லும் டிரெய்லராக இருந்தால் சிலிண்டரைக் கழற்றி நிரப்பி வரலாம். இங்கே கேஸ் தீர்ந்தால் படுக்கை, பாத்திரம் எல்லாவற்றையும் ஒதுங்க வைத்து வண்டியையே ஓட்டிக்கொண்டு போக வேண்டும். எனவே சில நாட்களுக்கு நல்லது, சில மாதங்களுக்குத் தொல்லை.

வண்டியில் இருக்கும் 4,000 வாட் ஜெனரேட்டர் ஏசியையும் மைக்ரோவேவையும் சேர்த்தே தாங்கும். பாதி லோடில் மணிக்கு அரை கேலன் அளவு பெட்ரோல் குடிக்கும். பிற்பகல் மூன்று மணி நேர வெயிலைக் கடக்க அது உதவலாம். சுவரை ஒட்டி நிறுத்திய வண்டியில் அதை ஓட்டினால், கார்பன் மோனாக்சைடு வீட்டின் திறந்த ஜன்னல் வழியே உள்ளே போகும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரவில் அதைப் போட்டுக்கொண்டு தூங்குவது வேண்டவே வேண்டாம். அண்டை வீட்டாரின் பொறுமை வேறு இருக்கிறது.

பேட்டரி தோள் கொடுக்கும் இன்வெர்ட்டர்

சாக்கெட்டிலிருந்து வரும் கரண்டோடு பேட்டரியின் கரண்டையும் சேர்த்துக் கொடுக்கும் இன்வெர்ட்டர்-சார்ஜர்கள் வந்த பிறகு இந்தக் கேள்வியின் தன்மையே மாறிவிட்டது. விக்ட்ரான் நிறுவனத்தின் மல்டிபிளஸ் இந்த வகையில் பரவலாக அறியப்பட்டது. உள்வரும் அளவை 10 ஆம்பியர் என்று நிர்ணயித்துவிட்டால், வண்டிக்குள் எவ்வளவு லோடு போட்டாலும் சாக்கெட்டிலிருந்து அது 10 ஆம்பியருக்கு மேல் எடுக்காது. மீதியைப் பேட்டரியிலிருந்து தரும். லோடு குறைந்ததும், சாக்கெட்டில் மிச்சமிருப்பதைக் கொண்டு பேட்டரியை நிரப்பும்.

ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஐந்து நிமிடம் மைக்ரோவேவ் போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 26 ஆம்பியர். சாக்கெட் பத்தைத் தருகிறது, பேட்டரி பதினாறைத் தருகிறது. 1,900 வாட்டுக்கு ஐந்து நிமிடம் என்றால் 160 வாட்-மணி, இழப்பையும் சேர்த்தால் 180. ஒற்றை 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரியின் கொள்ளளவு சுமார் 1,280 வாட்-மணி. அதில் ஏழில் ஒரு பங்குதான் செலவு. கம்ப்ரசர் கிளம்பும் உதைப்பையும் பேட்டரியே வாங்கிக்கொள்வதால் வீட்டு ஒயரிங்கில் வோல்டேஜ் சரிவதில்லை, பிளக்கும் சூடாவதில்லை. பலவித வீடுகளில், பலவிதச் சாக்கெட்டுகளில் நிறுத்த நேரும் ஊர்சுற்றிகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். போகும் இடமெல்லாம் கூடவே வரும் தீர்வு இது ஒன்றே.

அதன் எல்லையையும் அதே கணக்கு காட்டிவிடுகிறது. இரண்டு ஏசிகள் நிற்காமல் ஓடினால் 3,100 வாட் வேண்டும். சாக்கெட் 1,440 தரும். மணிக்கு 1,700 வாட்-மணி பற்றாக்குறை விழும். ஐந்து யூனிட் கொள்ளளவுள்ள பெரிய பேட்டரித் தொகுப்பே மூன்று மணி நேரத்தில் தீரும். எகிறும் தேவையை இது அழகாகச் சமாளிக்கும், நிலைத்து நிற்கும் தேவையைச் சமாளிக்காது. லித்தியம் பேட்டரியும் இன்வெர்ட்டரும் ஏற்கெனவே வேறு காரணத்துக்காகப் போடப் போகிறவருக்கு இந்த வசதியுள்ள மாடலைத் தேர்ந்தெடுப்பது சிறிய கூடுதல் செலவு. வீட்டு வாசலுக்காக மட்டும் இவ்வளவையும் வாங்குவது, தனிச் சாக்கெட் போடுவதைவிட அதிகமாகச் செலவு வைக்கலாம்.

தனிச் சாக்கெட்

சொந்த வீடு, ஆண்டுதோறும் அதே இடத்தில் வண்டி நிற்கும், கோடையில் அதில் யாராவது தங்குவார்கள் என்ற நிலை இருந்தால் தயங்காமல் தனி இணைப்பே போட வேண்டும். 30 ஆம்பியருக்கு 10 கேஜ் தாமிரக் கம்பியும் ஒற்றைப் பிரேக்கரும்; 50 ஆம்பியருக்கு 6 கேஜ் தாமிரக் கம்பியும் இரட்டைப் பிரேக்கரும் வேண்டும். செலவைத் தீர்மானிப்பது சாக்கெட் அல்ல, மின்பெட்டியிலிருந்து வண்டி நிற்கும் இடத்துக்கு உள்ள தூரமும், இடையில் தோண்ட வேண்டிய தரையும். தோண்டுவது ஒரு முறைதான் என்பதால், 30 ஆம்பியர் வண்டி வைத்திருப்பவரும் 50 ஆம்பியருக்கான கம்பியையே இழுத்து, முகாம் மைதானக் கம்பங்களில் இருப்பதைப் போல இரு வகைச் சாக்கெட்டுகளும் அவற்றுக்குத் தனித்தனிப் பிரேக்கர்களும் உள்ள பெட்டியைப் பொருத்திக்கொள்வது உத்தமம். 50 ஆம்பியர் சாக்கெட் மட்டும் போட்டு அடாப்டரில் 30 ஆம்பியர் கேபிளைச் செருகினால் ஓடும். ஆனால் அந்தக் கேபிள் வழியில் எங்காவது நசுங்கிப் பழுதானால், பின்னால் இருப்பது 50 ஆம்பியர் பிரேக்கர். பழைய வீடுகளில் மொத்த இணைப்பே 100 ஆம்பியராக இருக்கலாம். அங்கே கூடுதல் லோடுக்கு இடம் இருக்கிறதா என்பதை முதலில் கணக்கிட வேண்டும், அனுமதியும் ஆய்வும் தேவைப்படும்.

ஓர் எச்சரிக்கையை மட்டும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். 30 ஆம்பியர் மோட்டார்ஹோம் சாக்கெட் 120 வோல்ட்டுக்கு உரியது. வீடுகளில் துணி உலர்த்திக்குப் போடும் 30 ஆம்பியர் சாக்கெட் 240 வோல்ட். மோட்டார்ஹோம் வேலையில் பழக்கமில்லாத எலக்ட்ரீஷியன், '30 ஆம்பியர்' என்று கேட்டதும் கைப்பழக்கத்தில் இரட்டைப் பிரேக்கர் போட்டு 240 வோல்ட் கொடுத்துவிடுவது பலமுறை நடந்த விபத்து. மைக்ரோவேவ், கன்வெர்ட்டர், ஃபிரிட்ஜின் போர்டு எல்லாம் ஒரே நொடியில் கருகும். வேலை முடிந்ததும், வண்டியைச் செருகுவதற்கு முன், அவர் முன்னிலையிலேயே மீட்டரை வைத்துப் பாருங்கள். 30 ஆம்பியர் சாக்கெட்டின் இரண்டு சாய்வுத் துளைகளுக்கு இடையே 120 இருக்க வேண்டும். 50 ஆம்பியரில் இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே 240, ஒவ்வொன்றுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 120. நியூட்ரல் சரியாக முறுக்கப்படாமல் தளர்ந்திருந்தாலும், லோடு ஏறியதும் ஒரு பக்கம் 120-ஐத் தாண்டி எகிறி அதே நாசத்தைச் செய்யும்.

230 வோல்ட் நாடுகளில் இந்தச் சிக்கல்களில் பெரும்பகுதி எழுவதே இல்லை. பிரிட்டனின் 13 ஆம்பியர் வீட்டுச் சாக்கெட்டே 2,990 வாட் தரும். அங்குள்ள மோட்டார்ஹோம்களின் நீல நிறப் பிளக் எதிர்பார்ப்பது 16 ஆம்பியர்தான். ஓர் அடாப்டரும் பிரித்துப் போட்ட நல்ல கேபிளும் போதும். அங்கே கவனிக்க வேண்டியது, மணிக்கணக்கில் முழு லோடைச் சுமக்கும்போது வீட்டுப் பிளக் சூடேறுவதையும், உருளையில் சுற்றியபடியே விட்ட கேபிள் உருகுவதையும் மட்டுமே.

யாரும் தங்காமல் வண்டியை மாதக்கணக்கில் நிறுத்தி வைப்பவர்களுக்கு மேற்சொன்ன எதுவுமே தேவையில்லை. ஈயப் பேட்டரி என்றால் 15 ஆம்பியர் சாக்கெட்டே மிக அதிகம். சார்ஜர் பேட்டரியின் நிலையைப் பார்த்துத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் வகையா என்பதையும், செல்களில் தண்ணீர் இருக்கிறதா என்பதையும் மட்டும் அவ்வப்போது பார்த்தால் போதும். லித்தியம் பேட்டரியை மாதக்கணக்கில் நூறு சதவீதத்தில் நிறுத்தி வைப்பது அதற்கு நல்லதல்ல. பாதி அளவில் விட்டு, பேட்டரியின் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, சாக்கெட்டிலிருந்து பிளக்கையே பிடுங்கி வைத்துவிடலாம்.